அனுப்பப்பட்டது

திரையில் அந்த வரி வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தாள் சல்லடை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"பொருத்தம் கிடைத்தது. இருவருக்கும் செய்தி அனுப்பப்பட்டது."

உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரில் ஒரு வாய் குடித்துவிட்டு, மறுபடி படித்தாள். முதல் வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வாக்கியம்தான் தொண்டையில் சிக்கியது.

அனுப்பப்பட்டது என்றால்? யாருக்கு?

மணமகன் என்ற இடத்தில் அவளுடைய அப்பா இருந்தார். மணமகள் என்ற இடத்தில் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடி டீச்சர்.

அது ஒரு திருமணத் தகவல் நிலையம். அவள் அங்கே புரோகிராமர். யார் எழுதிய புரோகிராமைக் கொடுத்தாலும் சலித்துக் கல்லையும் உமியையும் தனியாக எடுத்துவிடுவாள் என்பதால் ஆபீஸில் வைத்த பெயர்தான் சல்லடை. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது, அதுவும் தேய்ந்துவிட்டது.

அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் எழுதிவைத்துவிட்டுப் போன புரோகிராம், பூனையிடம் கொடுத்த நூல்கண்டு. இவருக்கு இவர் பொருந்துவாரா என்று பார்க்கும் விதிகளும், டேட்டாபேஸிலிருந்து ஆட்களைத் தேடி எடுக்கும் கட்டளைகளும் அதில் ஒரே வரியில் பின்னிக் கிடந்தன. டேட்டாபேஸோடு பேசுவதற்கென்று வெளியிலிருந்து வாங்கிப் போட்டிருந்த, லைப்ரரி என்னும் ரெடிமேட் புரோகிராமுக்குப் புதுப் பதிப்பு வந்தது. ஆசையாக மாற்றினார்கள். மறுநாள் எண்பது வயதுத் தாத்தா ஒருவருக்கு இருபத்திரண்டு வயதுப் பெண் மிகச் சரியான பொருத்தம் என்று வந்தது. தாத்தா நன்றி சொல்லி எழுதியிருந்தார். பெண்ணின் அப்பா நேரிலேயே வந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் சல்லடை, நிலையத்தின் முதலாளியான மேடத்தின் அறைக்குள் போனாள்.

"மேடம், எந்த வயசுக்கு எந்த வயசு பொருந்தும்ங்கிறது நம்ம தொழில். ஆளுங்க விவரத்தை எங்க போட்டு வைக்கிறோம்ங்கிறது வேற சமாச்சாரம். ரெண்டையும் பிரிச்சுடணும். பொருத்தம் பாக்குற விதிக்கு, டேட்டாபேஸ்னு ஒண்ணு உலகத்துல இருக்கிறதே தெரியக்கூடாது."

"தெரிஞ்சா என்ன, வெட்கப்படுமா?"

"கெட்டுப்போயிடும் மேடம். இப்ப கெட்டுப்போயிருக்கே, அந்த மாதிரி."

மேடம் கல்யாணத் தொழிலில் ஊறியவர். கூட்டுக் குடும்பம் பிரிவதில் அவருக்கு எப்போதுமே உடன்பாடு கிடையாது. ஆனால் அந்தப் பெண்ணின் அப்பா இன்னும் வரவேற்பறையில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் காலை ஆட்டிக்கொண்டிருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"பிரி," என்றார் மேடம். "சீக்கிரம் பிரி."

பிரித்தாள். கோடை முழுக்கப் பிரித்தாள். விதிகளையெல்லாம் தனியாக எடுத்துச் சுத்தமான ஒரு வீட்டில் குடிவைத்த மாதிரி வைத்தாள். வீட்டுக்கு இரண்டே கதவு. 'ஆட்களைக் கொடு' என்று கேட்க ஒன்று, 'செய்தி அனுப்பு' என்று சொல்ல ஒன்று. கதவுக்கு வெளியே நடப்பதெல்லாம் டேட்டாபேஸ் அண்ணன் பொறுப்பு. அவர் பெரிய உடம்பும் சின்னக் குரலும் கொண்ட மனிதர். அவரிடம் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் ஒப்பந்தம் போட்டிருந்தாள்.

"உள்ள நான், வெளிய நீங்க. என் பக்கம் நீங்க எட்டிப் பாக்கக்கூடாது. உங்க பக்கம் நான் காலெடுத்து வைக்க மாட்டேன். சர்வர் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

"நல்லதாப் போச்சு," என்றார் அவர்.

பிரித்ததில் ஒரு பெரிய சுகம், டேட்டாபேஸே இல்லாமல் விதிகளைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பத்துப் பேரைக் கற்பனை செய்து கொடுத்தால் போதும். அதற்கும் யோசனை சொன்னது அண்ணன்தான்.

"கற்பனை ஆளுங்க எல்லாம் ரொம்ப நல்லவங்களா இருப்பாங்கம்மா. ஒரு விதியும் உடையாது. தெரிஞ்ச ஆளாப் பாத்துப் போடு."

தெரிந்த ஆட்களைப் போட்டாள். அப்பா: மனைவியை இழந்தவர், அதிகம் பேசமாட்டார், பழுது பார்க்கப் பிடிக்கும், தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம். மூன்றாம் மாடி டீச்சர்: பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பேச்சு நிற்காது, வீட்டில் ஏதாவது பழுதாகிக்கொண்டே இருக்கும். போன் நம்பருக்கு வாயில் வந்ததைப் போட்டால் 'இது நம்பரே இல்லை' என்று ஒரு விதி திருப்பியடித்தது. அந்த விதியையும் அவளேதான் எழுதியிருந்தாள். சரியென்று அப்பாவின் நம்பரையே போட்டாள். டீச்சருடையது அவர்கள் கட்டட லிஃப்ட்டுக்குள்ளேயே ஒட்டியிருக்கும். குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர்தான்.

இத்தனை நாளும் செய்திக் கதவுக்கு வெளியே ஒன்றும் இல்லை; திரையில் என்ன வந்தாலும் யாருக்கும் எதுவும் போகாது. இன்றைக்கு, வெள்ளிக்கிழமை மதியம், அண்ணன் நிஜ இணைப்பை மாட்டுவதாக ஏற்பாடு. மாலையில் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பையோடு கிளம்பியபோது அவள் தூரத்திலிருந்தே கேட்டாள்.

"அண்ணே, முடிஞ்சுதா?"

அவர் வலியோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்தத் தலையாட்டல் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவசரமாக அவரைப் போனில் கூப்பிட்டாள். அணைத்து வைத்திருந்தார். பக்கத்து மேஜைக் கணக்காளரைக் கேட்டாள்.

"அவரா? கடைவாய்ப் பல்லு பிடுங்கப் போயிருக்காரு. புதன்கிழமைதான் வருவாரு. டாக்டர் பேசவே கூடாதுன்னுட்டாராம்."

பல் போனால் சொல் போச்சு என்பது இதுதான். சர்வர் சாவியும் அவரோடு போய்விட்டது; அது இல்லாமல் வெளியே என்ன போனது என்று பார்க்கக்கூட முடியாது. மேடத்திடம் சொல்லலாம் என்றால், 'சொந்த அப்பாவையே சோதனைக்குப் போட்டியா?' என்ற கேள்விக்குப் பதில் இல்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். ஆயுசு முழுக்க கிரீஸ் படிந்த சட்டையில் இருந்தவர். அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு அவள் பார்த்ததில்லை.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்லயே."

"வீட்டுல இருக்கிறதுக்கு யாராவது காலருக்கு இஸ்திரி போடுவாங்களா?"

"ஏன், வீடுன்னா காலருக்கு மரியாதை கிடையாதா?"

மேஜை மேலிருந்த அவருடைய போன் உறுமியது. எடுத்துப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. மகள் பார்ப்பதைக் கண்டதும் போனைக் குப்புறக் கவிழ்த்தார்.

"யாருப்பா?"

"யாரோ கம்பெனிக்காரன். ஏதோ ஆஃபராம்."

எந்தக் கம்பெனி, என்ன ஆஃபர் என்று அவளுக்குத் தெரியாதா?

"உங்க போனைக் கொஞ்சம் குடுங்கப்பா. என் போன்ல சார்ஜ் சுத்தமா இல்ல."

அப்போது பார்த்து அவள் கையிலிருந்த போன் மணியடித்தது. வீட்டுக் கடன் வேண்டுமா என்று ஒரு பெண் குரல் உற்சாகமாகக் கேட்டது. அப்பா மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மூணாவது மாடி லிஃப்ட் கதவுல ஒரு சத்தம் வருது. என்னன்னு பாத்துட்டு வந்துடறேன்."

"ஸ்பேனர் எடுத்துக்கலயா?"

"முதல்ல காதால கேக்கணும்மா. அப்புறம்தான் ஸ்பேனர்."

இஸ்திரி போட்ட சட்டையோடு காதால் கேட்கப் போனார். திரும்பி வர வெகுநேரம் ஆனது. லிஃப்ட்டில் அவ்வளவு சத்தம்.

சல்லடைக்கு என்ன நினைப்பதென்றே தெரியவில்லை. அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் இரண்டே பேர். அப்பாவுக்கு ஒரு துணை என்று அவள் யோசித்ததே கிடையாது. யோசித்துச் செய்திருந்தாலாவது பரவாயில்லை. சோதனைக்குப் போட்ட ஆளை ஒரு மெஷின் பிடித்துக் கல்யாணச் சந்தைக்கு ஓட்டிப்போன மாதிரி அல்லவா ஆகிவிட்டது! டீச்சரோ கௌரவமான மனுஷி. என்ன நினைத்திருப்பார்?

மறுநாள் காலை நேரே அவரிடமே போய்ப் பேசிவிடுவது என்று முடிவு செய்தாள். டீச்சர் மாடிப்படி ஓரத்துத் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், உங்களுக்கு நேத்து ஏதாவது... தகவல் வந்துதா? அப்பாவைப் பத்தி?"

டீச்சர் கையிலிருந்த குவளை தொட்டியை விட்டு நகர்ந்து தரையில் தண்ணீர் ஊற்றியது.

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும் டீச்சர். நான் மறைக்க விரும்பல. எல்லாத்துக்கும் காரணமே நான்தான்."

"நீயா?"

"வேலை வேலைன்னு இருந்ததுல கவனிக்காம விட்டுட்டேன். அதனாலதான் இப்படி ஆயிடுச்சு. நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது."

"இதுல தப்பா எடுத்துக்க என்னம்மா இருக்கு?" டீச்சரின் குரல் கரகரத்தது.

"இல்ல டீச்சர், இந்தக் கம்ப்யூட்டர் சொல்றதையெல்லாம் நம்பக்கூடாது. வயசு, பழக்கம், ருசின்னு நாலு விஷயத்தை வெச்சுக்கிட்டு முடிச்சுப் போட்டா ஆச்சா?"

"அதெப்படி ஆகும்? மனசு சொல்லணும்."

"அதேதான் டீச்சர்! அதையேதான் நானும் சொல்றேன்!"

"ரொம்ப சந்தோஷம்மா." டீச்சர் ஈரக் கையாலேயே அவள் கன்னத்தைத் தட்டினார். "நீ இவ்வளவு நல்லா புரிஞ்சுக்குவேன்னு நான் நெனைக்கவே இல்ல."

சல்லடைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பேச்சு நல்லபடியாக முடிந்த மாதிரி இருந்தது. படியிறங்கப் போனவளை டீச்சரின் குரல் நிறுத்தியது.

"ஆமா, உனக்கு எல்லாம் தெரியும்னு உங்கப்பா எங்கிட்ட சொல்லவே இல்லயே?"

அந்தக் கேள்வியில் ஒரு சின்ன மேகம் இருந்தது. அதைச் சல்லடை கவனிக்கவில்லை. டீச்சர் சந்தோஷப்பட்டார் என்பதே அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. விஷயம் முற்றிவிட்டது. இனி வாய்ப்பேச்சு உதவாது. செய்தியால் வந்தது செய்தியால்தான் போகவேண்டும்.

வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தாள். ஒரு புது விதி சேர்த்தாள்: 'ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள் பொருந்தமாட்டார்கள்.' ஒரே வரி. டேட்டாபேஸ் பக்கம் ஒரு துரும்பையும் அசைக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கலக்கத்திலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பழைய புரோகிராமாக இருந்தால் இதற்கே ஒரு வாரம் ஆகியிருக்கும். அதற்குள் பேரப்பிள்ளைகளே பொருந்தியிருப்பார்கள்.

பொத்தானை அழுத்தினாள்.

"பொருத்தம் ரத்து செய்யப்பட்டது. இருவருக்கும் செய்தி அனுப்பப்பட்டது."

அப்பாடா என்று சாய்ந்தாள்.

மாலையில் அப்பா மூன்றாம் மாடியிலிருந்து வந்தார். லிஃப்ட்டில் வரவில்லை, படியிறங்கி வந்தார். லிஃப்ட் மெக்கானிக் படியிறங்கி வருவது நல்ல சகுனமில்லை. செருப்பை ஒரு மூலையில் ஒன்றும் இன்னொரு மூலையில் ஒன்றுமாக விட்டார். போனை அணைத்துக் குளிர்பெட்டியின் மேல் வைத்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்குப் பசியில்லை என்றார்.

"என்னப்பா, உடம்பு சரியில்லயா?"

"உடம்புக்கு என்ன? அது பாட்டுக்கு இருக்கு."

"லிஃப்ட்டுல அந்தச் சத்தம்?"

"லிஃப்ட்டுல ஒரு சத்தமும் இல்லம்மா." அவர் இஸ்திரி கலைந்த காலரைத் தடவிக்கொண்டார். "கயிறு அறுந்தா மாத்திடலாம். மோட்டார் போனா சுத்திடலாம். ஒருத்தங்களுக்கு நம்ம மேல நம்பிக்கை போச்சுன்னா எதைப் போட்டு முடுக்கறது?"

"யாருப்பா? என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கதவைச் சாத்திட்டாங்க."

அவர் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெளியே இன்னும் வெளிச்சமே போகவில்லை.

சல்லடை சமையல்கட்டில் நின்றாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்றால், அதை மூடப்போய் அப்பாவையும் சேர்த்து மூடிவிட்டாள். ஒரே நாள். ஒரே ஒரு நாள் அந்த மனிதர் காலருக்கு இஸ்திரி போட்டு, போனைப் பார்த்துச் சிரித்து, மகளிடம் பொய் சொல்லிச் சந்தோஷமாக இருந்தார். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. எதற்குப் பொறுக்கவில்லை? அம்மாவுக்காகவா? அம்மா இருந்தால், 'அந்த மனுஷனுக்கு ஒரு வாய் பேச்சுத்துணைகூட இல்லாம நீ என்னடி பண்ணிட்டிருந்தே?' என்று கேட்டிருப்பாள்.

அப்பாவுக்குத் தேநீர் போடலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தாள். சர்க்கரை டப்பாவைத் திறந்தால் உள்ளே கட்டியாக இறுகியிருந்தது. அவள் சர்க்கரை சேர்ப்பதில்லை. அப்பாவும் சேர்ப்பதில்லை என்றுதான் அவள் புரோகிராமில் எழுதியிருந்தாள். ஆனால் அம்மா இருந்தவரை சேர்த்துக்கொண்டிருந்தாரே! அம்மா போன பிறகு, மகள் போட்டுக் கொடுத்ததை அப்படியே குடித்துக்கொண்டிருந்தார். வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். காலையில் சேர்த்த விதியை அழித்தாள். மறுபடி பொத்தானை அழுத்தினாள். பொருத்தம் கிடைத்தது, செய்தி அனுப்பப்பட்டது என்று அது வழக்கம்போலச் சொன்னது. அப்பாவின் போன் அணைந்து கிடந்தது. டீச்சருக்கு மட்டும் செய்தி போய் என்ன பயன்? நேற்று பொருத்தம், இன்று காலை ரத்து, மாலையில் மறுபடி பொருத்தம் என்றால் எந்த மனுஷிக்குத்தான் கோபம் வராது?

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றாம் மாடிக்கு ஏறினாள். டீச்சர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"டீச்சர், அப்பா மேல கோபமா?"

"அவர் எங்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? 'என் பொண்ணுகிட்ட இன்னும் சொல்லல, சொல்ல நேரம் பாத்துட்டிருக்கேன்'னார். நீ வந்து எல்லாம் தெரியும்ங்கறே. அப்ப எங்கிட்ட எதுக்குப் பொய்? உன்கிட்ட சொல்லிட்டு, முதல்ல நீ வேண்டாம்னு சொன்னதை மறைக்கிறாரோன்னு இருந்துது."

சல்லடைக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. கோபம் செய்தியால் வரவில்லை!

"டீச்சர், அவர் பொய் சொல்லல. அவர் எங்கிட்ட ஒரு வார்த்தைகூட சொன்னதில்ல. எனக்கு ஆபீஸ் மூலமாத்தான் தெரியும்."

"ஆபீஸ் மூலமாவா?" டீச்சரின் புருவம் ஏறியது. "உங்க ஆபீஸ்ல எங்களைப் பத்திப் பேசிக்கறாங்களா?"

"அதை அப்புறம் சொல்றேன். முதல்ல இதைக் கேளுங்க. அவரைப் பத்தி நான் எழுதி வெச்சதெல்லாம் தப்பு. அதிகம் பேசமாட்டார்னு எழுதினேன். பேசுவார் டீச்சர், யாராவது உக்காந்து கேட்டா பேசுவார். நான்தான் உக்காரல. சர்க்கரை வேண்டாம்னு எழுதினேன். அதுவும் பொய். கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு இத்தனை நாளா கசப்பாவே குடிச்சுட்டிருக்கார்." அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல மனுஷன் டீச்சர். கொஞ்சம் பழசு. ஆனா எல்லா பாகமும் ஓடுது."

டீச்சர் கதவை முழுசாகத் திறந்தார்.

"இங்க வந்தப்ப ரெண்டு ஸ்பூன் போட்டுக்கிட்டார்," என்றார்.

கீழே கூட்டிக்கொண்டு வந்தாள். அப்பா பனியனோடு உட்கார்ந்து ரேடியோ ஒன்றைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து, ஒரு துண்டைத் தோளில் போட்டார். போட்ட பிறகுதான் அது மேஜை துடைக்கும் துணி என்று தெரிந்தது.

"உங்க பொண்ணு எல்லாம் சொல்லிட்டா," என்றார் டீச்சர்.

"என்ன சொன்னா?"

"ஓடுற நிலைமையிலதான் இருக்கீங்களாம்."

அப்பா மகளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"அப்பா, ஒரு உண்மையைச் சொல்றேன், ரெண்டு பேரும் திட்டக்கூடாது. வெள்ளிக்கிழமை உங்களை ரெண்டு பேரையும் சேத்து வெச்சது என் புரோகிராம். சோதனைக்குன்னு உங்க பேரைப் போட்டேன். அது நிஜமாவே பொருத்தம்னு சொல்லி உங்க போனுக்கெல்லாம் அனுப்பிடுச்சு."

அப்பா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கூரையைப் பார்த்தார். பிறகு இருமினார்.

"புரோகிராமா?" என்றார் அப்பா, மெதுவாக.

"ஆமாப்பா. மன்னிச்சுடுங்க."

"வெள்ளிக்கிழமை."

"ஆமாப்பா."

அப்பா மேஜைத் துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நானும் யோசிச்சேம்மா, திடீர்னு எப்படி இப்படின்னு. இல்லீங்களா டீச்சர்?"

"ஆமாமா," என்றார் டீச்சர். "ரொம்பத் திடீர்தான்."

"நல்ல புரோகிராம்மா," என்று அப்பா மகளின் தலையைத் தடவினார். "ரொம்ப நல்ல புரோகிராம். அதை யாரும் குத்தம் சொல்ல முடியாது. அது சொன்னா நாம என்ன பண்றது?"

திங்கட்கிழமை சல்லடை மேடத்தின் அறைக்குள் போய், தலைகுனிந்து நின்று, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். வேலை போகும் என்று எதிர்பார்த்தாள். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன சொல்றே? ரெண்டு பேரும் சம்மதிச்சுட்டாங்களா?"

"பதிவுத் திருமணத்துக்குத் தேதி பாத்துட்டிருக்காங்க மேடம்."

"சோதனைக்குப் போட்ட ஆளுக்கே கல்யாணம் ஆகுதுன்னா..." மேடம் எழுந்தே விட்டார். "நிஜ ஆளுக்கு ரெட்டைப் பிள்ளையே பொறக்கும்டி! கூப்பிடு அவங்களை. புதன்கிழமை போட்டோ எடுக்கணும். வாசல்ல பெரிசா ஒரு தட்டி வைக்கணும்."

"மேடம், அது எங்கப்பா—"

"அப்பான்னா என்ன? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொன்னாங்க. நாம ஒரு பொய்யும் சொல்லாம ஒண்ணு பண்ணிருக்கோம். இதைவிட விளம்பரம் வேணுமா?"

வீட்டில் சொன்னபோது அப்பா முதலில் தயங்கினார். போட்டோவெல்லாம் எதற்கு, நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள் என்றார். மகளின் வேலைக்கு நல்லது என்று தெரிந்ததும் சம்மதித்தார். டீச்சர் புதுச் செருப்பு வாங்கினார்.

புதன்கிழமை ஆபீஸ் வாசலில் ஆள் உயரத்துக்குத் தட்டி நின்றது: 'எங்கள் புதிய முறையில் இணைந்த முதல் ஜோடி!' உள்ளே மேஜைமேல் கேக். கணக்காளர்கூடத் தலையை வாரிக்கொண்டு வந்திருந்தார். புகைப்படக்காரர் அப்பாவையும் டீச்சரையும் ஒரு சோபாவில் உட்காரவைத்து, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் புகைப்படக்காரருக்கு வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வரவேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த அமைதியைப் பார்த்தபோது சல்லடைக்குக் கண் கலங்கியது. தான் எழுதிய ஒரு புரோகிராம் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது!

மேடம் கேக் வெட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே சின்ன உரை ஒன்று ஆற்றினார். பிரிப்பது எப்போதும் தப்பில்லை, பிரித்து வைத்ததால்தான் இவர்கள் சேர்ந்தார்கள் என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போதுதான் டேட்டாபேஸ் அண்ணன் பையோடு உள்ளே வந்தார். கன்னத்து வீக்கம் வடிந்திருந்தது. தட்டியை வாசலிலேயே படித்துவிட்டு வந்திருந்தார் போலிருந்தது, நெற்றி சுருங்கியிருந்தது.

"இது எப்பம்மா நடந்துது?"

"எல்லாம் உங்க புண்ணியம்ண்ணே!" சல்லடை ஓடிப்போய் அவர் கையில் ஒரு துண்டு கேக்கைத் திணித்தாள். "வெள்ளிக்கிழமை நீங்க மாட்டிட்டுப் போன இணைப்புல போன முதல் செய்தியே இதுதான். எங்கப்பாவும் டீச்சரும்! அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் படியில பாத்தா 'நல்லாருக்கீங்களா'ங்கறதோட சரி."

சோபாவில் அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "போட்டோ எடுத்து முடிச்சுடலாமே, தம்பி," என்று புகைப்படக்காரரை அவசரப்படுத்தினார்.

அண்ணன் கேக்கை வாயருகே கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தினார்.

"பல்லு வலியில நான் எதையுமே மாட்டாமத்தானேம்மா போனேன்? இந்த நிமிஷம் வரைக்கும் நம்ம புரோகிராம்லேர்ந்து ஒரு செய்திகூட யாருக்கும் போனதில்லயே!"